கூப்பிட்டால் வருகிற ஆள்

ஜனவரி 9

என் வாயாடித் தங்கைக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நாங்கள் இரண்டு பேரும் சௌக்கியம். உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? மகன், மருமகள் எல்லாரும் சுகம்தானே? நாள் முழுக்கத் தையல் மெஷின்மேல் கவிழ்ந்து கிடக்காதே. சொன்னால் நீ கேட்கவா போகிறாய், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அத்தான் மின்சார ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டதால் இந்தக் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். மே கடைசி வரை விட்டுவைத்திருக்கிறார்கள். கல்யாணமாகி வந்த நாள் முதல் இதே சுவர், இதே குழாய். வாடகைக்கு வீடு பார்க்க எனக்குத் தெரியாது என்பதே நேற்றுத்தான் தெரிந்தது.

மூன்றாவது மாடியில் ஒரு வீடு. வீட்டு ஓனர் முன்னால் நடக்கிறார், ஒவ்வொரு கதவாகத் திறக்கிறார், "இது ஹாலு, இது பெட்ரூமு" என்கிறார். நான் பின்னாலேயே தலையாட்டிக்கொண்டு போகிறேன். கடைசியில், "ஏதாவது கேக்கணுமாம்மா?" என்றார். "நல்லா இருக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பாதிப் படி இறங்கின பிறகுதான் தண்ணீர் வருமா என்றுகூடக் கேட்கவில்லையே என்று உறைத்தது. ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் ஜன்னலில் உட்கார்ந்து, பேர் என்ன, வயசு என்ன, என்ன தொந்தரவு என்று ஊரையே கேள்வி கேட்டவள் நான். எனக்கென்று கேட்கப் போனால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

நீ எத்தனை வீடு மாறியவள்! முதல்முறை பார்க்கப் போகும்போது என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று எழுது. போனில் வேண்டாம். இங்கே பேச வசதிப்படாது. ஆஸ்பத்திரி வேலையையும் விட்டுவிட்டேன். போதும் என்று தோன்றிவிட்டது.

பதிலை எதிர்பார்க்கும்
அக்கா

ஜனவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

என் முதுகு என்னோடுதான் இருக்கிறது, எங்கேயும் ஓடிப்போகவில்லை. மற்றபடி எல்லாரும் நலம். நீயும் அத்தானும் நலமாக இருக்கணும்.

ஐயோ அக்கா! "நல்லா இருக்குங்க" என்று சொன்னாயா? அந்த வார்த்தையை வாயிலிருந்து விட்டால் அப்புறம் வாடகையில் ஒரு பைசா குறைக்க மாட்டான். வீடு அரண்மனையாகவே இருந்தாலும் முகத்தைக் கொஞ்சம் சுளித்தபடியே பார்க்க வேண்டும். இனிமேல் நான் சொல்வதைக் கேள்.

மத்தியான வெயிலில் போ. சாயங்காலம் எல்லா வீடும் அழகாகத்தான் இருக்கும். சமையலறைக் குழாய், பாத்ரூம் குழாய் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திற. ஒன்றைத் திறந்தால் ஜோராக வரும், மூன்றைத் திறந்தால் மூக்கு ஒழுகுகிற மாதிரி வரும். அங்கேதான் குட்டு வெளிப்படும். எந்தெந்த நேரம் தண்ணீர் விடுவார்கள், மோட்டார் யார் போடுவது, டேங்க் யார் கழுவுவது, கேள். ஜன்னல் ஒவ்வொன்றையும் நீயே திறந்து பார். சில ஜன்னல் பெயிண்ட் அடித்தே மூடிக் கிடக்கும். அலமாரிக்குள் தலையை விட்டு மோந்து பார். புதுச் சுண்ணாம்பு ஒரு இடத்தில் மட்டும் பளிச்சென்று இருந்தால் அதன் பின்னால் மழைத் தண்ணீர் இறங்குகிறது என்று வைத்துக்கொள். கரண்ட் மீட்டர் தனியா, பொதுவா? இதை அத்தானுக்கு நான் சொல்லணுமா!

முக்கியமானது: முன்னால் யார் இருந்தார்கள், ஏன் போனார்கள்? ஓனரிடம் கேட்டால் "சொந்த வீடு கட்டிட்டுப் போனாங்க" என்பான். எல்லா ஓனரும் அதையேதான் சொல்வான். கீழ் வீட்டுக்காரியிடம் கேள். அவள் கொட்டிவிடுவாள்.

நான் என் வீட்டுக்கு வந்தபோது இதெல்லாம் கேட்டுத்தான் வந்தேன். கடிதத்தை இனி தையல் கடை விலாசத்துக்கே போடு. வீட்டில் தபால் பெட்டி சரியில்லை.

அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தங்கை

பிப்ரவரி 10

தங்கைக்கு,

நலம். உனக்கும் அப்படியே இருக்கட்டும்.

உன் கடிதத்தை மனப்பாடம் செய்துகொண்டு இரண்டு வீடு பார்த்தேன். முதல் வீட்டில் மூன்று குழாயையும் திறந்தேன். மூக்கு ஒழுகுகிற மாதிரிகூட இல்லை, இருமுகிற மாதிரி வந்தது. அதை விட்டேன். இரண்டாவது வீட்டில் ஓனர் ஒரு கல்லூரி வாத்தியார். நான் கேட்கக் கேட்க மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது. "அம்மா, வீடு பாக்க வந்தீங்களா, விசாரணைக்கு வந்தீங்களா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நாளாகச் சிரிக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

நீ எழுதாத சிலதையும் கேட்டேன். வாசல் கதவில் வெளிப்பக்கம், கொஞ்சம் உயரத்தில், ஒரு தாழ்ப்பாள் நான் போட்டுக்கொள்ளலாமா? பால்கனிக் கம்பி இடுப்புக்கு மேலே வருமா? பகலில் கேட்டைப் பூட்டி வைப்பார்களா? அடுப்புக்குப் போகிற கேஸை வேறு இடத்திலிருந்து மூட முடியுமா? வாத்தியார் என்னை ஒரு மாதிரி பார்த்தார். திருட்டு பயம் என்று சொன்னேன். வீடு வேறு யாருக்கோ பேசி முடித்தாகிவிட்டது என்று மறுநாள் சொல்லி அனுப்பினார்.

கால் வலிக்கிறது. படி ஏறி ஏறி இறங்கி மாளவில்லை. வேறு என்ன கேட்க வேண்டும் என்று எழுது.

அக்கா

பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். உன் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. திருட்டு பயம் உள்ளவர்கள் உள்பக்கம்தானே தாழ்ப்பாள் போடுவார்கள்? வெளிப்பக்கம் எதற்கு? திருடனை உள்ளே வைத்துப் பூட்டப் போகிறாயா?

உன் கடிதத்தின் கீழே அத்தான் எப்போதும் ஒரு வரி கிறுக்குவாரே, "மெஷினுக்கு எண்ணெய் போட்டாயா" என்று. இரண்டு கடிதமாகக் காணோம். அவர் நன்றாக இருக்கிறாரா?

நீ பார்க்கிற வீடுகளைப் பற்றியே நானும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வீடு வேண்டாம், வெயிலில் வெந்துபோவீர்கள். குப்பை எங்கே போடுவது என்று கேள். ஆணி அடிக்கலாமா என்று கேள், சில ஓனர்கள் சுவரில் ஆணி அடித்தால் அவர்கள் நெஞ்சில் அடித்த மாதிரி துள்ளுவார்கள்.

கடையில் ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடை முழுக்க எங்கள் தலையில் விழுந்திருக்கிறது. நிமிர நேரமில்லை.

உன் தங்கை

மார்ச் 14

தங்கைக்கு,

உன் அத்தான் நலம். விசாரித்ததாகச் சொன்னேன்.

போன வாரம் ஒரு வீடு. லிஃப்ட் இருந்தது, காற்று வந்தது. அவரும் கூட வந்தார். தனியாக விட்டுவிட்டு வர வேண்டாம் என்று அழைத்துப் போனேன். நான் குழாய்களைத் திறந்துகொண்டிருந்தபோது அவர் நேராக மீட்டர் பெட்டிக்குப் போய் நின்றுவிட்டார். பிறகு எதிர் வீட்டு மணியை அடித்து, "மீட்டர் பாக்கணும், அம்மா" என்றார். அந்த வீட்டம்மா கதவைத் திறந்துவிட்டாள். அப்புறம் பக்கத்து வீடு. வேலைப் பழக்கம், விடுமா? எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஓனர், "சொல்லி அனுப்பறேன்" என்றார்.

இன்னும் சொல்லி அனுப்பவில்லை.

ஆணி அடிக்கலாமாம். அதைக் கேட்டுவிட்டேன்.

அக்கா

ஏப்ரல் 7

தங்கைக்கு,

உன்னிடமிருந்து பதிலே இல்லை. போன கடிதம் கிடைத்ததா? சீருடை வேலை இன்னும் முடியவில்லையா? உடம்புக்கு ஒன்றுமில்லையே?

பூசி மெழுகி எழுதினேன். அன்று எல்லாரும் சிரிக்கவில்லை. மூன்றாவது வீட்டு மணியையும் அவர் அடிக்கப் போனபோது கையைப் பிடித்தேன். திரும்பி என்னைப் பார்த்து, "நீங்க இந்த வீட்டுக்காரங்களா? போன மாசம் வீடு பூட்டி இருந்துச்சே?" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். அவர் யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான். ஓனர் அங்கேதான் நின்றிருந்தார்.

ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. டாக்டர் இது குறையாது என்று சொல்லிவிட்டார். ஒரு நாள் அடுப்பைத் திறந்துவிட்டுப் பற்றவைக்காமல் போய்விட்டார். இரண்டு தடவை பழைய ரூட்டில் வேலைக்குக் கிளம்பிவிட்டார், தெருத்தெருவாகத் தேடி அழைத்து வந்தேன். அதனால்தான் வேலையை விட்டேன். அதனால்தான் போனிலும் பேசுவதில்லை. பக்கத்திலேயே நின்று, "யாரைப் பத்திப் பேசறே?" என்று கேட்கிறார். என்ன சொல்வேன்?

சலித்துவிட்டது, அம்மாடி. அழக்கூட அலுப்பாக இருக்கிறது. குவார்ட்டர்ஸ் ஆபீஸிலிருந்து இரண்டாவது தடவையாக ஆள் வந்து போய்விட்டான். இதை வைத்துக்கொண்டு யார் வீடு கொடுப்பார்கள்? ஓனரிடம் முன்னாலேயே சொல்லணுமா, சொல்லக் கூடாதா? அதை மட்டும் சொல்.

அக்கா

ஏப்ரல் 21

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கடையில் வைத்தே படித்தேன். முதலாளியம்மா, "கண்ல தூசியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

தாழ்ப்பாளைப் பற்றி எழுதினபோதே எனக்குச் சந்தேகம்தான். மேலே கேட்க பயமாக இருந்தது.

ஓனரிடம் சொல்லாதே. அவர்கள் கேட்காததை நாமாகச் சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நீ தனியாகப் போ. அத்தானைப் பக்கத்து வீட்டில் கொஞ்ச நேரம் விட்டுவிட்டுப் போ. எத்தனை பேர் என்று கேட்டால் இரண்டு பேர், அமைதியான மனிதர், ஓய்வு பெற்றவர். எல்லாம் உண்மைதானே? எழுதிக் கையெழுத்துப் போட்டு, சாமான் இறக்கி, பால் காய்ச்சிக் குடித்த பிறகு தெரிந்தால் தெரியட்டும். கழுத்தைப் பிடித்தா தள்ளிவிடுவார்கள்? தரைத்தள வீடாகப் பார். கேட் உள்ளதாகப் பார்.

நான் வந்து கூட நின்றிருப்பேன். லீவு கிடைக்காது. தைரியமாக இரு.

உன் தங்கை

மே 4

தங்கைக்கு,

நீ நலமா? நான் நலம் என்று எழுதிப் பழகிவிட்டது, இந்தத் தடவை எழுதவில்லை.

நீ சொன்னபடியே அவரைப் பக்கத்து வீட்டு டிரைவர் மனைவியிடம் விட்டுவிட்டுப் போனேன். தரைத்தளம். இரண்டு அறை, சின்னதுதான். மூன்று குழாயிலும் தண்ணீர் நன்றாக வருகிறது. கேட் உண்டு. ஓனரம்மா மாடியில் தனியாக இருக்கிறாள். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். உயரமான பெண்மணி, குரல் தெருக்கோடிக்குக் கேட்கும். முன்னால் இருந்தவர்கள் ஏன் போனார்கள் என்று கேட்டேன். "நான்தான் போகச் சொன்னேன். பொய் சொன்னாங்க" என்றாள்.

"எத்தனை பேரு?"

"நானும் அவரும்தாங்க. அமைதியான மனுஷர். ரிட்டயர்ட் ஆயிட்டார்."

"ஏன் அவர் வரல?"

"கொஞ்சம் வேலை."

"ரிட்டயர்டுன்னீங்க?"

மாட்டிக்கொண்டேன். டிக்கெட் எடுக்காமல் உட்கார்ந்திருப்பவனைப் பார்க்கிற பார்வை. என்னால் முடியவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள்.

பிறகு சொன்னாள்: "எனக்கு அதுல ஒண்ணும் கஷ்டம் இல்ல. மீட்டர் பாக்கணும்னா என் வீட்டு மீட்டரையும் தினம் வந்து பாத்துட்டுப் போகட்டும். ஆனா ஒண்ணு. அவர் கேட்டைத் தாண்டிட்டா நீங்க ஒரு பக்கம் ஓடுவீங்க. இன்னொரு பக்கம் யார் ஓடுறது? எனக்கு முட்டி போயிடுச்சு, நான் ஓட முடியாது. நீங்களே படுத்துட்டா அவருக்கு யாரு? கூப்பிட்டா வர்ற ஆளு ஒருத்தர் பேரைச் சொல்லுங்க. பேருக்குச் சொல்லாதீங்க, நிஜமா வரணும். இருபதாம் தேதி வரைக்கும் வீட்டை வச்சிருக்கேன். அதுக்கப்புறம் வேற ஆளுக்கு விட்டுடுவேன்."

நீ எழுதின கேள்வி எல்லாவற்றையும் நான் கேட்டேன். இதை அவள் என்னைக் கேட்பாள் என்று நீ எழுதவில்லை. உன் பேர் வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. ஏன் என்று உனக்கே தெரியும். ஜனவரியிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறோம், குழாயைப் பற்றியும் ஆணியைப் பற்றியும். "கொஞ்ச நாள் இங்கே வந்து இருங்களேன்" என்று நீ ஒரு தடவைகூட எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. கோபமில்லை என்று எழுத நினைத்தேன். கோபம்தான்.

உன் பேரைச் சொல்லலாமா, கூடாதா? கூடாது என்றால் கூடாது என்றே எழுது. வேறு யோசனை எதுவும் எழுதி அனுப்பாதே.

அக்கா

மே 11

தங்கைக்கு,

இன்னும் உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. ஓனரம்மா, அந்த வீட்டை எனக்குச் சொன்ன டிரைவர் மனைவி மூலமாக விசாரித்தாள். யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். குவார்ட்டர்ஸில் எங்களுக்குப் பின்னால் வரப்போகிற குடும்பம் இன்று வந்து அளவெடுத்துவிட்டுப் போனது. உன் அத்தான் அவர்களை விருந்தாளி என்று நினைத்து உட்காரச் சொன்னார். நான் டீ போட்டுக் கொடுத்தேன்.

கடிதம் எழுதி உன்னைச் சங்கடப்படுத்தியிருந்தால் மன்னித்துவிடு. நீ உடம்போடு நன்றாக இருந்தால் போதும்.

அக்கா

மே 15

என் அக்காவுக்கு,

நான் உடம்போடு நன்றாகத்தான் இருக்கிறேன். உன் கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. இன்றைக்கு எழுதிவிடுகிறேன். தபாலை நம்ப முடியாது, அதனால் உன் பக்கம் வருகிற லாரியில் துணி ஏற்றி அனுப்பும்போது அந்த டிரைவரிடம் கொடுத்துவிடுகிறேன். நாளைக்கே உன் கையில் கிடைக்கும்.

என் வீடு, என் வீடு என்று எழுதினேனே, அப்படி ஒன்று கிடையாது. வாடகை கட்ட முடியாமல் மகன் வீட்டோடு வந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. அதைத்தான் என் புது வீடு என்று உனக்கு விலாசம் எழுதினேன். ஒரே படுக்கையறை. நான் ஹாலில் படுக்கிறேன். அவர்கள் எழுவதற்குள் பாயைச் சுருட்டி மெஷினுக்குப் பின்னால் செருகிவிட வேண்டும். மருமகள் கெட்டவள் இல்லை. முகம் கொடுத்துப் பேசுவாள். ஆனால் எனக்கு வருகிற கடிதத்தைப் பார்த்தால், "யாரும் வர்றாங்களா?" என்பாள். அதனால்தான் கடை விலாசம். இந்த இடத்தில் உன்னையும் அத்தானையும் எங்கே வரச் சொல்வேன்? வரட்டுமா என்று நீ கேட்டுவிடுவாயோ என்று ஒவ்வொரு கடிதத்தையும் பயந்து பயந்துதான் பிரித்தேன். கேட்காத வரைக்கும் குழாயைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். வீடு வைத்திருக்கிறவள் என்று நினைத்து என்னிடம் நீ யோசனை கேட்டாயே, அது எனக்குப் பிடித்திருந்தது. அந்த மரியாதையை விட மனசு வரவில்லை.

கண்டக்டரம்மா கேட்டதற்கு என் பேரைச் சொல்லாதே. நான் இருக்கிற தூரத்துக்கு, கூப்பிட்டு நான் பஸ் ஏறி வந்து சேருவதற்குள் அத்தான் பத்துத் தெரு போயிருப்பார். பொய் சொன்னவர்களை அனுப்பிவிட்டேன் என்று அவளே சொல்லியிருக்கிறாள். மூன்று பேர் என்று சொல். இரண்டாவது அறையில் என் மெஷினுக்கு ஜன்னல் பக்கம் இடம் வேண்டும், வெளிச்சம் இல்லாமல் ஊசி கோர்க்க முடியவில்லை. தையலுக்கு அங்கேயும் ஆள் இருக்கும், என் பங்கு வாடகையை நான் கொடுப்பேன். மூன்று பேர் கூடாது என்று அவள் சொன்னால் நீ வாயைத் திறக்காதே, நான் வந்து பேசிக்கொள்கிறேன். நான் வருவது உனக்குச் சரிப்படாது என்றால் லாரி டிரைவரிடமே சொல்லி அனுப்பு, மனசில் வைத்துக்கொள்ள மாட்டேன்.

காலையில் மகனிடம் சொன்னேன். "பெரியம்மா வீட்டுக்குப் போறேன்."

"எத்தனை நாளும்மா?"

"பாக்கலாம்."

அவன் மெஷினைக் கழற்றிக் கட்டுவதற்குக் கயிறு வாங்கிக்கொண்டு வந்து வைத்தான்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் இறங்குகிறேன். அத்தானுக்கு என்னை யாரென்று தெரியாவிட்டால் தெரியாமல் போகட்டும். புதிதாகப் பழகிக்கொள்கிறோம்.

உன் தங்கை